முடிவு அழிந்துபோன ஜப்பான் படம்

தம்பி,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னவன். நீ ஜப்பான் போவாய், வாள்படத்துக்கு வேலை செய்வாய், அதுவும் சும்மா வாள்படம் இல்லை, கௌபாய்ப் படத்தின் உடம்புக்குள் ஜப்பான்காரனின் உயிரை ஏற்றிய படமாக இருக்கும் என்று, உனக்கு ஏழு வயதாக இருக்கும்போதே பாரிசில் லாச்சப்பல் மெத்ரோ வாசலில் நின்று பத்துப்பேர் கேட்கச் சொன்னேன். சாட்சிகள் இருந்தார்கள். இரண்டு பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள், ஒருவர் காலமாகிவிட்டார், மிச்சப் பேருக்கு ஞாபகமறதி. அதற்கு நான் பொறுப்பில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான், ஆனால் ஆட்களின் முகத்தைப் பார்த்து அவர்கள் எந்த ஊர் போய்ச் சேருவார்கள் என்று சொல்கிற படிப்பு எனக்கு அதற்கு முன்னமே முடிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தை இணையத்தில், பத்துப்பேர் வாசிக்கும் இடத்தில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உனக்குத் தனியாக நான் எதைச் சொல்லத் தொடங்கினாலும் அது நடுவழியில் கொஞ்சம் பருத்துவிடும். உன் அம்மா பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, உதிலை எவ்வளவு மெய், எவ்வளவு புளுகு?" என்று கேட்டாள். "முக்கால்வாசி மெய்" என்றேன். "அப்ப இந்த வருசம் முன்னேற்றம்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். லாச்சப்பல் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் புளுகு மாமா. அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஊர் பார்க்க எழுதும்போது கை கொஞ்சம் கூசும் அல்லவா, அந்தக் கூச்சம் இன்றைக்கு எனக்குத் தேவையாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆர்ஜொந்தெய் வீட்டிலிருந்து போன் எடுத்தாய். பதினெட்டு மாத வேலை, தோக்கியோவில் பெரிய ஒலிக்கூடம், படத்தில் வருகிற காலடிச் சத்தம், வாள் உருவுகிற சத்தம், தூசி பறக்கிற சத்தம் எல்லாம் நீதான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னாய். எனக்கு நெஞ்சு நிமிர்ந்து முதுகெலும்பு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தையும் நீ பதிந்திருக்கலாம். மருமகள் இப்போதுதான் பள்ளிக்கூடத்தில் நிரந்தர ஆசிரியையாகி இருக்கிறாள், அவளும் என் பேத்தி சின்னவளும் இங்கேயே நிற்பார்கள் என்றாய். சரி என்றேன். பிறகுதான் குரலை இறக்கிக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னாய்.

"செவ்வாய்க்கிழமை காலமை ஆறரைக்கு டாக்சி வரும் அப்பா. சின்னவள் நித்திரையா இருப்பாள். நான் எழுப்பாமல் போகப்போறன். அவள் அழுதா என்னாலை படியிறங்க ஏலாது. நீங்கள் ஊரை விட்டு வெளிக்கிடேக்கை என்னை எழுப்பித் தூக்கிச் சொல்லிப்போட்டுப் போனனீங்கள். நான் உங்கடை விரலைப் பிடிச்சுக்கொண்டு 'போட்டு வாங்கோ' எண்டு சொன்னனாம். எனக்கு அந்தத் துணிவு இல்லை."

நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அது எல்லாருக்கும் வராதடா மோனை" என்றேன். பெருமையாகச் சொன்னேன். போனை வைத்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்னவளுக்கு இப்போது இரண்டரை வயது. நான் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது உனக்கும் அதே வயதுதான். ஆகவே நீ டாக்சி ஏறுவதற்குமுன் இதை எழுதி முடிக்க வேண்டும். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும், களைத்தால் மருமகளிடம் கொடு, அவள் வாசிக்கட்டும். ஆனால் கடைசிப் பகுதியை நீயே வாசி.

நீ வருவதற்கு முன்னால் லாச்சப்பலில் ஒரே அறையில் ஏழு பேர் இருந்தோம். விடிய ஐந்து மணிக்குக் கந்தோர்களில் மேசை துடைக்கிற துப்புரவு, மத்தியானத்திலிருந்து உணவகத்தில் கோப்பை கழுவல். எங்களுக்கு ஒன்றாகக் கிடைத்தது ஞாயிறு பின்னேரம் மட்டும்தான். அந்தத் தெருவில் இருந்த வீடியோக் கடையில் கசற் எடுத்து வந்து போடுவோம். தமிழ்ப் படம் எல்லாம் பார்த்து முடிந்த ஒரு கிழமையில், கடைக்கார அண்ணை பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பதிந்த ஒரு ஜப்பான் படத்தைக் கையில் திணித்துவிட்டார். பேசுவது ஜப்பான் மொழி, கீழே ஓடுகிற எழுத்துப் பிரெஞ்சு. அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால் எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும் என்று நான் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு எழுத்து, மெத்ரோ நிலையத்தில் வெளியே போகிற வழி என்று போட்டிருக்கும் பலகை ஒன்றுதான். ஆனாலும் நான் எழுந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

படம் எப்படித் தொடங்கும் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் நான் சொல்லாவிட்டால் எனக்குத் திருப்தி வராது. ஒரே ஒரு தெரு உள்ள ஊர். காற்று தூசியை அள்ளிக்கொண்டு போகிறது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்துகிறார்கள். தெருவின் அந்தத் தொங்கலில் ஒருவன் வருகிறான். கௌபாய்த் தொப்பி இருக்க வேண்டிய இடத்தில் வைக்கோல் தொப்பி, தோளில் கிழிந்த கம்பளி, இடுப்பில் துப்பாக்கி தொங்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு வாள். பின்னால் இத்தாலிக்காரன் படத்தில் வருகிற மாதிரி எக்காளம், அதற்கு அடியில் ஜப்பான்காரனின் பெரிய மேளம். கண்ணை மட்டும் காட்டுவார்கள். ஒரு நிமிடம் முழுக்கக் கண். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இத்தாலிக்காரன் தன் ஊர் வெளியில் அமெரிக்காவைக் கட்டிக் கௌபாய்ப் படம் எடுத்தான், ஜப்பான்காரன் அதை வாங்கித் தன் வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டான். நாங்கள் பாரிசுக்குள் ஒரு தெருவை எடுத்து முருங்கைக்காயும் கருவாடும் விற்கவில்லையா, அது மாதிரி.

அந்த ஊரில் இரண்டு பகுதி. ஒரு பகுதியிடம் பழைய வாள்கள், மற்றப் பகுதியிடம் வெளிநாட்டுத் துப்பாக்கிகள், எங்கள் சொல்லில் துவக்குகள். நடுவில் ஒரு விதவை சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாள், அவளுக்கு ஒரு மகள், சின்னப் பெட்டை. சண்டை எதற்கென்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆட்கள் கேட்கிறார்களே.

"இது என்னெண்டா, ரெண்டு பகுதியும் ஒரே கோயில் உபயகாரர். தேர்த்திருவிழா ஆருடையது எண்டு வழக்கு. பதினெட்டு வருசமா நடக்குது" என்று சொன்னேன்.

"எங்கடை ஊரிலையும் உப்பிடித்தான்!" என்று ஒருவன் கட்டிலில் இருந்து துள்ளினான். "அப்ப அந்தத் துவக்குக்காரன் ஆர் அண்ணை?"

"அவன் முதலாளியின்ரை மருமோன். கொழும்பிலை படிச்சவன்."

"அதுதான் உந்த நடை" என்றான் மற்றவன்.

அன்றைக்கு அந்த அறை இரண்டு பகுதியாகப் பிரிந்துபோனது. இரண்டு பேர் ஒரு கிழமை கதைக்கவில்லை. வாள்காரன் வாய் திறக்கும்போதெல்லாம் நான் அவனுக்கு வசனம் கொடுத்தேன், அவன் இரண்டு சொல் சொன்னால் நான் பன்னிரண்டு சொன்னேன். அறையில் ஊரில் படிப்பித்த ஒரு மாஸ்டர் இருந்தார், கதைக்காத மனிதர், மூலையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கோப்பை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, "ஐசே, எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும்" என்றார். என் கையிலிருந்த கோப்பை தண்ணீருக்குள் போய்விட்டது. "அவங்கள் அடிபடுறது பட்டுநூல் வியாபாரத்துக்கு. கோயிலும் இல்லை, தேரும் இல்லை." ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்தார். "வாற ஞாயிறும் கோயில் வழக்காவே சொல்லும். பட்டுநூலெண்டா உவங்களுக்கு அழுகை வராது."

இனி அந்தக் கசற்றின் பெரிய கோளாறு. கடைசியில் வாள்காரனும் துவக்குக்காரனும் தெருவில் எதிரெதிராக நிற்பார்கள். கண். மற்றவன் கண். எக்காளம் ஏறுகிறது. கை மெல்ல மெல்ல வாளின் பிடிக்குப் போகிறது. பட்டென்று படம் துள்ளும், பாரிசுக்குப் பக்கத்துப் பொண்டியில் ஒரு மண்டபத்து வாசலில் காரிலிருந்து தலைப்பாகை கட்டின மாப்பிள்ளை இறங்குவார், நாதஸ்வரம் வாசிக்கும். கடைக்கார அண்ணைதான் கலியாணவீடுகளுக்கும் வீடியோ எடுப்பவர். புதுக் கசற் முடிந்துபோக, கையில் கிடைத்த இந்தக் கசற்றின் கடைசியில் ஒரு கலியாணவீட்டைப் பதிந்துவிட்டார். எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு பிழையை விடமாட்டார்கள். அதனால் அந்தப் படத்துக்கு முடிவு இல்லாமல் போனது. முடிவை ஒவ்வொரு ஞாயிறும் நான் சொன்னேன், ஒவ்வொரு ஞாயிறும் வேறு வேறாக. மாஸ்டரைக் கேட்டேன், அவருக்கும் முடிவு தெரியாது. கடைசியில் கடைக்கார அண்ணை அந்தக் கசற்றை எனக்கே தந்துவிட்டார்.

நான் அந்த நாட்களில் உனக்கும் படம் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். என் குரலைக் கசற்றில் பதிந்து ஊருக்கு அனுப்புவேன். அப்பா பெரிய உணவகத்துக்கு மனேச்சர், ஈபிள் கோபுரத்துக்குப் பின்னேரம் வெளிச்சம் போடுவதும் அப்பாதான், நீ வந்ததும் உன்னையும் போட விடுகிறேன் என்றெல்லாம் சொன்னேன். கோப்பை கழுவிக் கை வெந்துபோன கதையைச் சொல்ல வாய் வரவில்லை. அது பிழை. மகனுக்குத் தகப்பனைத் தெரியாமல், ஒரு குரலை மட்டும் தெரிந்துபோனது.

நாலரை வருடத்துக்குப் பிறகு எனக்குப் பப்பியே, அதுதான் வதிவிட அனுமதி, கிடைத்து, நீயும் அம்மாவும் விமான நிலையத்தில் வந்து இறங்கினீர்கள். நீ அம்மாவின் சீலைக்குப் பின்னால் நின்றாய். நான் குனிந்து "அப்பாவைத் தெரியுதோ ராசா?" என்று கேட்டேன். நீ என் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்தாய். ஒரு சொல் இல்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, மூன்று கிழமை நீ என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அதைவிட மோசம், நீ நித்திரை கொள்ள மாட்டாய். நான் விடிய நாலு மணிக்கு வேலைக்கு எழும்பினால், நீ சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதவுக்கு முன்னால் குந்தியிருப்பாய். கண் இரண்டும் சிவந்திருக்கும். குளிர் நாடு, நேர வித்தியாசம், பிள்ளைக்குப் பழக்கமில்லை என்று நான் எல்லாருக்கும் சொன்னேன். வைத்தியரும் தலையாட்டினார். அம்மா மட்டும் என்னைப் பார்த்துவிட்டு, உன் சப்பாத்தைக் கழற்றப் போனாள்.

ஒரு ஞாயிறு பின்னேரம், உன்னை எப்படியும் அசத்திப் படுக்க வைக்க வேண்டும் என்று அந்த ஜப்பான் படத்தைப் போட்டேன். புதிதாக வாடகைக்கு எடுத்த அறையில் நாங்கள் மூன்று பேரும்தான். நான் வழக்கம்போல எழுந்து நின்று கதை சொன்னேன். அன்றைக்குச் சொன்ன மாதிரி நான் வாழ்க்கையில் சொன்னதில்லை, நானே வாள்காரன், நானே துவக்குக்காரன், குதிரையும் நானே. நீ கண் வெட்டாமல் பார்த்தாய். விதவையின் பெட்டைக்கு அந்த வாள்காரன் மேல் ஒரு பிடிப்பு, அவன் போகிற இடமெல்லாம் பின்னால் போவாள். அவளைக் கண்டதும் நீ கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து இருந்தாய். கடைசிச் சண்டை வந்தது. கண், மற்றவன் கண், எக்காளம், வாள்பிடியில் கை, பட்டென்று பொண்டி மாப்பிள்ளை.

"பாத்தியோ தம்பி, சண்டை முடிஞ்சுது, வாள்காரனுக்குக் கலியாணம்! தலைப்பா கட்டி வாறான் பார்" என்றேன்.

"பொய்" என்றாய்.

நீ எனக்குச் சொன்ன முதல் சொல் அதுதான். அம்மா அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, பிள்ளை வாய் திறந்துவிட்டானே.

"சரி, அப்ப நீ சொல்லு. கடைசியிலை வாள்காரன் என்ன செய்தவன்? ஊரை விட்டுப் போட்டானோ?"

நீ வெகுநேரம் யோசித்தாய். மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுத்து முடிந்து, பந்தியில் சோறு போடத் தொடங்கிவிட்டார்கள்.

"போகேல்லை" என்றாய். "அந்தப் பிள்ளை நித்திரை கொள்ளேல்லை. அவள் முழிச்சுக்கொண்டு இருக்கிறாள். அதாலை அவராலை போக ஏலாது."

நான் ஆயிரம் முடிவு சொன்னவன், தம்பி. அப்படி ஒரு முடிவு என் வாயில் வரவில்லை. அன்றைக்கு நான் உன்னைத் தூக்கி மடியில் வைத்து, "நான் இனி எங்கையும் போகமாட்டன், போனா எழுப்பிச் சொல்லிப்போட்டுத்தான் போவன்" என்றேன். பிறகு ஒவ்வொரு நாளும் விடிய நாலு மணிக்கு உன்னைத் தட்டி எழுப்பி, "அப்பா வேலைக்குப் போட்டு வாறன்" என்று சொன்னேன். முதல் கிழமை அழுதாய். அடுத்த கிழமை சிணுங்கினாய். மூன்றாம் கிழமை கண்ணைத் திறக்காமலே "ம்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாய். எழுப்பினால்தான் நீ நித்திரை கொண்டாய். இதை எந்த வைத்தியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்தப் படத்தின் உண்மையான முடிவை நீ உன் தொழிலில் எப்போதோ பார்த்திருப்பாய். எனக்குச் சொல்ல வேண்டாம். பட்டுநூல்காரர் எப்படியாவது போகட்டும்.

நீ போவதைப் பற்றி ஊரில் ஆட்கள் கதைப்பார்கள். சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறான், தகப்பன் போன மாதிரியே மகனும் என்பார்கள். கதைக்கட்டும். நான் போனது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. நீ போவது உன் கைத்தொழிலுக்கு, கூப்பிட்டு, மரியாதை கொடுத்து. பதினெட்டு மாதம் என்றால் பதினெட்டு மாதத்தில் வந்துவிடுவாய், நடுவில் இரண்டு தரம் வந்து போவாய், ஒவ்வொரு நாளும் போனில் முகம் காட்டுவாய். சமையல் கரண்டியை உரசி வாள் உருவுகிற சத்தத்தை உண்டாக்குகிற பிள்ளை நீ. அதைச் செய்ய ஆள் இல்லை என்று ஜப்பான்காரனே உன்னைத் தேடுகிறான். போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். போனில் முகம் காட்டும்போது, அங்கே சாப்பாடு சரியில்லை என்றால் சரியில்லை என்று அவளுக்குச் சொல்லு. வேலையில் ஏச்சு வாங்கினால் அதையும் சொல்லு. தோக்கியோ கோபுரத்துக்கு வெளிச்சம் போடுகிறேன் என்று மட்டும் சொல்லாதே.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு டாக்சி என்றால் ஆறு மணிக்குச் சின்னவளை எழுப்பு. அவள் அழுவாள். கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கையை எடுக்க மாட்டாள். மருமகளும் அழுவாள், டாக்சிக்காரன் ஹோர்ன் அடிப்பான், உனக்குக் கால் ஓடாது. பரவாயில்லை. சொல்லிவிட்டுப் போனவனைப் பிள்ளை காத்திருக்கும். சொல்லாமல் போனவனைத் தேடும். இரண்டும் ஒன்றில்லை. நான் போன பிறகு நீ பத்து நாள் கட்டிலுக்குக் கீழே, கிணற்றடியில், மாட்டுக்கொட்டிலுக்குள் என்று என்னைத் தேடினாய் என்று அம்மா எனக்குக் கடிதம் எழுதினாள். ஒளித்துப் பிடித்து விளையாடுகிறேன் என்று நினைத்தாயாம். அந்தக் கடிதத்தைப் பற்றி இன்றுவரை நான் உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் மற்றக் கதை பொய்யாகிவிடும்.

உனக்குத் துணிவு இல்லை என்று போனில் சொன்னாய். என்னோடு உன்னை ஒப்பிட்டு வெட்கப்பட்டாய். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நான் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட அன்று காலை உன்னைத் தூக்கியது, நீ என் விரலைப் பிடித்தது, பெரிய மனிதன் மாதிரிப் "போட்டு வாங்கோ" என்று சொன்னது, எல்லாம் கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் இருந்து நான் கட்டின கதை. நீ பாயில் நல்ல நித்திரை. அம்மா, "ஒருக்கா எழுப்புங்கோ" என்றாள். நான் அறை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. செருப்புச் சத்தம் கேட்டு நீ எழும்பிவிடுவாய் என்று, இரண்டு செருப்பையும் கையில் தூக்கிக்கொண்டு தெருவாசல் படலை வரைக்கும் வெறுங்காலோடு நடந்தேன்.

அப்பா